சிவப்பு விழுந்த பெயர்

எமில்டாவை வேலைக்கு எடுத்தபோது பொறுப்பாளர் ஞானேஸ்வரி அக்கா கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. இங்கிலீஷில் கடிதம் அடிப்பாயா? ஜெனரேற்றர் இடையில் நின்றால் பதறாமல் இருப்பாயா? இரண்டுக்கும் அவள் ஓம் என்றாள். முதலாவது அரைவாசிப் பொய், இரண்டாவது முழு உண்மை. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறி, புதுக்குடியிருப்பில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கொம்பியூட்டர் பழகியவளுக்கு மின்சாரம் நிற்பது ஒரு சங்கதியே இல்லை. அது வந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

அலுவலகம் கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. வெளிநாட்டுக்காரர் அனுப்பும் உதவியில் வீடு கட்டிக்கொடுக்கும் நிறுவனம், தலைமையகம் கொழும்பில். சமாதான காலம் என்று பேர் சூட்டப்பட்டிருந்த அந்த வருஷங்களில் வன்னிக்குள் இப்படிப் பல நிறுவனங்கள் பெயர்ப்பலகையும் வெள்ளை வாகனமுமாக வந்து இறங்கின. சுனாமிக்குப் பிறகு பலகைகள் இன்னும் கூடின. சில சந்திகளில் கட்டிய வீட்டைவிடப் பலகை பெரிது. எமில்டாவின் அலுவலகத்தில் ஆட்கள் அதிகம் இல்லை. ஞானேஸ்வரி அக்கா, களஞ்சியமும் மெசின் வேலைகளும் பார்க்கும் துசியந்தன், வாகனம் ஓடும் சங்கிலி அண்ணை, எமில்டா. கொம்பியூட்டர் ஒன்று. கூரையில் சற்றலைற் தட்டு ஒன்று. ஈமெயில் முகவரியும் ஒன்றுதான். அதன் பாஸ்வேர்ட் குசினிக் கதவின் திறப்பைப் போல எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது.

அந்தக் கொம்பியூட்டரை ஒரு நிமிஷமும் தனியே விடக்கூடாது என்பது அலுவலகச் சட்டம். ஜெனரேற்றர் எந்த நேரம் மூச்சை விடும் என்று சொல்ல முடியாது. அது நின்றதும் மேசைக்குக் கீழே இருக்கும் பற்றரிப் பெட்டி கூவத் தொடங்கும். கூவி முடிப்பதற்குள் யாராவது மெசினை முறையாக நிறுத்த வேண்டும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்கும் முறை வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் துசியந்தன் சாப்பிடப் போவான், எமில்டா கதிரையில் இருப்பாள். பன்னிரண்டரைக்கு அவன் வந்து கதிரையைப் பிடிப்பான், இவள் போவாள். இதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. துசியந்தனுக்குப் பசி தாங்காது, முதல் பந்தியை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கதிரையில் இருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் எமில்டா தன் அக்காவின் மகனைத் தேடினாள்.

அக்கா ஜோசப்பின். மகன் யோசெப், ஆறு வயது. சுனாமி வந்த காலையில் அவன் மற்றப் பிள்ளைகளோடு கரையில் நின்றான். ஜோசப்பினின் புருஷனைப் பிறகு பனங்கூடலுக்குள் கண்டெடுத்தார்கள். யோசெப்பை எடுக்கவில்லை. எடுக்காத பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்றாள் ஜோசப்பின். ஊர் முதலில் ஓம் ஓம் என்றது, பிறகு பேச்சை மாற்றியது, பிறகு அவளைக் கண்டால் வேறு பாதையால் போனது. முள்ளியவளையில் அவளுக்குக் கொடுத்த தற்காலிகக் கொட்டிலில் அவள் பிள்ளையின் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து வைத்தாள். அதைப் பார்க்கும்போது எமில்டாவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை யாரில் காட்டுவது என்று தெரியாமல் அழுகையும் வரும்.

ஆவணி மாதத்தில் அலுவலகத்துக்கு ஒரு ஈமெயில் வந்தது. சுனாமியில் காணாமற்போன பிள்ளைகளின் படங்கள் இந்த வெப்சைற்றில் உண்டு, இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எடுத்தவை, தெரிந்தவர்கள் வந்து பாருங்கள் என்றது. கீழே வெளிநாட்டுக் கத்தோலிக்க உதவி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. எமில்டா திறந்தாள். சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இறங்கின. அதில் ஒரு பெடியன் பக்கவாட்டில் திரும்பி நின்றான். நெற்றியும் காதும் கழுத்தைச் சரித்து வைத்திருந்த விதமும் யோசெப்பேதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க உங்கள் ஈமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் பதியுங்கள் என்றது பக்கம். அவளுக்குச் சொந்த முகவரி ஏது? அலுவலகத்தினுடையதைப் பதிந்தாள். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, பொறுத்திருங்கள் என்று பதில் விழுந்தது. அவள் பொறுத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் அதே அரை மணித்தியாலத்தில் பக்கத்தைத் திறந்து, பெடியன் நிற்கிறானா என்று பார்த்து மூடினாள்.

சனிக்கிழமை முள்ளியவளைக்குப் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"ஆளைப்போல இருக்கு எண்டுதான் சொல்லுறன், அக்கா. ஆள்தான் எண்டு சொல்லேல்லை."

"நீ தூக்கி வளத்த பிள்ளை. உனக்குத் தெரியாதே?" என்றாள் ஜோசப்பின். சுனாமிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தாள்.

புரட்டாதியில் வில்லங்கம் வந்தது. கிளிநொச்சி அலுவலக முகவரியிலிருந்து வெளிநாட்டுக் கொடையாளர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டோம், இனி உதவியைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று. அலுவலகத்தில் யாரும் அப்படி ஒன்றை எழுதவில்லை. கொடையாளர் ஒருவர் சந்தேகப்பட்டுக் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்திருக்காவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. கொழும்பு கிளிநொச்சியை எடுத்து வாங்கு வாங்கென்று வாங்கியது. கடிதத்தின் பிரதியைப் பார்த்துவிட்டு ஞானேஸ்வரி அக்கா சொன்ன முதல் வார்த்தை, "இது எமில்டா அடிச்சதில்லை. ஒரு பிழையும் இல்லை" என்பதுதான். அந்த நேரத்திலும் சங்கிலி அண்ணை சிரித்தார்.

விசாரணை றிஃபாத்தின் தலையில் விழுந்தது. கொழும்பில் கொம்பியூட்டர்களுக்குப் பொறுப்பானவன் அவன். முல்லைத்தீவுப் பட்டினத்தில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனவன். சேர் என்று கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது, முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றால் மறுமொழி சொல்லுவான். எமில்டாவிடம் அவன் ரெலிபோனில் விளங்கப்படுத்தினான்.

"நீங்க ஒரு வெப்சைற்றைத் திறக்க அதின்ர பேரை அடிக்கிறீங்கதானே. டொமைன் எண்டு சொல்லுறது அந்தப் பேரைத்தான். உங்கட மெசினுக்கு அந்தப் பேர் இருக்கிற இடம் தெரியாது. எங்கட கொழும்பு மெசினைத்தான் கேக்கும். கேட்ட பேரும் கேட்ட நேரமும் இஞ்ச பதிஞ்சு கிடக்கு. நான் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறன். அது ஒவ்வொரு பேரையும் தானாத் தேடிப் பாக்கும். ஆற்ற பேரில பதிஞ்சது, எந்த மெசினில இருக்கு, அதே மெசினில வேற என்னென்ன கள்ளப் பேர் இருக்கு எண்டு. சந்தேகமெண்டா சிவப்பு, இல்லாட்டிப் பச்சை."

"சிவப்பெண்டா கள்ளனோ, நானா?"

"அதுதான் பகிடி. சிவப்பெண்டாச் சந்தேகம், அவ்வளவுதான். மெசினுக்கு முகம் பாக்கத் தெரியாது. ஆர் எதுக்குப் போன இடம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். சிவப்பு விழுந்ததை ஒண்டொண்டாக் கையால தேடிப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்க சொல்லுமட்டும் நான் ஒண்டையும் பூட்டமாட்டன்."

சிவப்பு விழுந்த பெயர்கள் வந்து சேர்ந்தன. எமில்டா மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள். நடுவில் அந்தப் பெயர் இருந்தது. காணாமற்போன பிள்ளைகளின் பக்கம். அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். முதலாவது சிவப்பு மன்னாரில் ஒரு மாதா கோயிலின் வெப்சைற். அது சூதாட்டப் பக்கம் ஒன்று இருந்த அதே மலிவான மெசினில் வாடகைக்கு இருந்தது, அவ்வளவுதான் அது செய்த குற்றம். பதிந்தவர் பெயரைத் தேடினால் பங்குத்தந்தையின் பெயரும் ரெலிபோன் இலக்கமும் வந்தன. இலக்கத்துக்கு எடுத்தாள். அவரே எடுத்து, கோயில் திருவிழாவுக்கு வாறீங்களோ பிள்ளை என்று கேட்டார். பச்சை. இரண்டாவது சினிமாப் பாட்டுகள் இறக்கும் இடம். யார் போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சங்கிலி அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மூன்றாவது மழை பார்க்கும் பக்கம், அதுவும் பச்சை. சிவப்பெல்லாம் ஒன்றொன்றாகப் பச்சையாக, அவளுக்கு மூச்சு வந்தது. மெசின் மன்னார்க் கோயிலையே கள்ளன் என்றதென்றால் பிள்ளைகளின் பக்கத்தையும் பிழையாகத்தானே சொல்லியிருக்கும்? அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று வைத்தாள். அது பச்சையானால் யோசெப் எங்கேயோ ஒரு இல்லத்து முற்றத்தில் கழுத்தைச் சரித்துக்கொண்டு நிற்கிறான். சிவப்பானால் என்ன என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விடவில்லை.

ஆனால் றிஃபாத் காத்திருக்கவில்லை. சிவப்பில் ஒரு பெயரை மட்டும் யாரோ கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறார்கள் என்று அவன் கண்டான். கள்ளக் கடிதம் போவதற்கு முந்திய வாரங்களில், எல்லா நாளும் மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையில். ஞானேஸ்வரி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில கொம்பியூட்டரில ஆர் இருக்கிறது?"

"துசியந்தன்தான்" என்றாள் அவள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பின்னேரமே தலைமையகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை துசியந்தன் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை. துசியந்தன் அந்தப் பெயரைப் பார்த்தான், அப்படி ஒரு பக்கத்தைத் தன் சீவியத்தில் காணவில்லை என்றான், தாயின் மேல் சத்தியம் பண்ணினான். ஞானேஸ்வரி அக்கா கையைப் பிசைந்தாள். "நான் என்ன செய்ய தம்பி, மெசின் சொல்லுது" என்றாள்.

இயக்கத்தின் ஆட்சியில் இருந்த அந்தக் காலத்து வன்னியில் ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் அது வேலையோடு நிற்காது. நிறுவனத்திலிருந்து வெளியே ஏதோ அனுப்பினானாம் என்று ஒரு வாய் சொல்லும். ஆமிக்குத் தகவல் கொடுத்தவனாம் என்று அடுத்த வாய் சொல்லும். அந்தச் சொல் ஒரு தரம் ஒட்டினால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், எங்கே வைத்து விசாரிப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று யாரும் கேட்க முடியாது. துசியந்தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனபோது அவனுடைய முகத்தில் இருந்தது வேலை போன கவலை அல்ல. பயம்.

எமில்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தவள் அவள். ஆனால் அவள் திறந்தது தன்னுடைய அரை மணித்தியாலத்தில். மெசின் சொல்லுவது அவனுடைய அரை மணித்தியாலம். அப்படியென்றால் அவனும் திறந்திருக்கிறானா? அவள் போனபின் எட்டிப் பார்த்தானா? இருக்கலாம், அவன் மூக்கு நீளந்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது தனக்கு வசதியான நினைப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நானும் திறந்தேன் என்று வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே கொழும்பில் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். பெடியன் போய்விடுவான். அக்காவுக்கு என்ன சொல்லுவது? ஆகவே எமில்டா ஒன்றும் சொல்லவில்லை. உருத்திரபுரத்தில் வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துவிட்டு எறிந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தனியே கதிரையில் இருந்தாள். துசியந்தன் இல்லாததால் ஞானேஸ்வரி அக்கா முதல் பந்திக்குப் போயிருந்தாள், சங்கிலி அண்ணை வாசலில் நின்று பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். ரெலிபோன் அடித்தது. றிஃபாத்.

"என்ன தங்கச்சி, மிச்சம் ஒண்டு கிடக்கு, இன்னும் பாத்துச் சொல்லேல்லை. நான் மறந்துபோய் இந்த நேரத்தில எடுத்திட்டன். ஒரு மணியாகப் போகுது, சாப்பிட்டாச்சோ?"

"எங்க நானா, இப்பதானே முதல் ஆள் போயிருக்கிறா" என்று சொல்லிக்கொண்டே எமில்டா சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

வன்னிக்கும் கொழும்புக்கும் அப்போது அரை மணித்தியாலம் வித்தியாசம். சில வருஷங்களுக்கு முந்தி அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளியபோது வன்னி தள்ளவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டும் பஸ்ஸில் ஆட்கள் கதை கதைத்தபடியே கைமணிக்கூட்டைத் திருப்புவார்கள். கூட்டத்துக்கு நாள் வைத்தால், வாகனம் அனுப்பினால், எங்கட நேரமோ கொழும்பு நேரமோ என்று கேட்காமல் யாரும் எழும்புவதில்லை. ஞானேஸ்வரி அக்காவே அதை ஆயிரம் தரம் கேட்டிருப்பாள். ஆனால் மெசின் சொன்ன நேரத்தை எந்த நேரம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நேரம் மாறுவதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே ஊரைவிட்டுப் போன றிஃபாத்துக்கும் தோன்றவில்லை.

"நானா" என்றாள் எமில்டா. "அந்தப் பன்னிரண்டரை உங்கட நேரமோ, எங்கட நேரமோ?"

அந்தப் பக்கத்தில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"அல்லாவே" என்றான் றிஃபாத். "எங்கட நேரம். கொழும்பு மெசின் கொழும்பு நேரந்தானே போடும். அப்ப உங்களுக்கு அது பன்னிரண்டு மணி. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் கதிரையில ஆர்?"

இந்த இடத்தில் எமில்டா வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பலபேர் வந்து போவார்கள் என்றிருக்கலாம், யோசித்துச் சொல்லுகிறேன் என்றிருக்கலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு போன துசியந்தனின் முகம் அவளுக்கு முன்னால் நின்றது.

"நான்தான்" என்றாள். "துசியந்தன் அதைக் கண்ணாலயும் காணேல்லை. ஒவ்வொரு நாளும் திறந்தது நான். பாஸ்வேர்டைக் குடுத்ததும் நான்தான்."

பிறகு சுனாமியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். அவள் முடித்தபின் றிஃபாத், "இப்ப கொம்பியூட்டருக்கு முன்னாலயோ இருக்கிறீங்க?" என்று கேட்டான்.

"ஓம்."

"அப்ப ரெண்டு பேருமாப் பாப்பம். மற்றதுகளைப் பாத்த மாதிரியே பாருங்கோ. நான் லைனில நிக்கிறன்."

அவள் பெயரை அடித்தாள். பதிவு விபரம் மெல்ல மெல்ல இறங்கியது. சுனாமி வந்த மறுநாளிலிருந்து இந்தச் சேவையைச் செய்கிறோம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. பெயர் பதியப்பட்டதோ சுனாமி வந்து ஏழு மாதம் கழித்து, ஆடி மாதத்தில். அந்த மெசினில் வேறு எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்தாள். லொத்தர்ப் பக்கங்களும், வங்கிகளின் பெயரைப் போலத் தோன்றும் பக்கங்களுமாக ஒரு பெருங்கூட்டம் வந்தது.

"மன்னார்க் கோயிலும் அப்பிடித்தானே நானா, சூதாட்டப் பக்கத்துக்குப் பக்கத்தில இருந்தது" என்றாள் எமில்டா. தன்னுடைய குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "அது நல்ல இடமாத்தானே இருந்தது."

"ஓம், நீங்க சொல்லுறது சரி. அதை மட்டும் வைச்சுச் சொல்லேலாது" என்றான் அவன். "பதிஞ்ச ஆளைப் பாருங்கோ."

ஒரு பெயர் இருந்தது. ஒரு வீதி, ஒரு நகரம், ஒரு ரெலிபோன் இலக்கம்.

"அந்த இலக்கத்துக்கு நான் எடுத்துப் பாத்திட்டன். அப்பிடி ஒரு இலக்கமே இல்லை. பக்கத்தில பேர் போட்டிருக்கிற உதவி நிறுவனத்துக்கும் எழுதினனான். தங்கட இல்லையாம். உங்களைப்போலக் கனபேர் எழுதியிருக்கினமாம். இந்தோனேசியாவில இருந்து, இந்தியாவில இருந்து, எங்கட தெற்கில காலிப் பட்டினத்தில இருந்தும்."

எமில்டா அந்த இலக்கத்தை இன்னொரு தரம் வாசித்தாள்.

"தங்கச்சி, முடிவை நீங்கதான் எழுத வேணும். நான் எழுதமாட்டன்."

அவள் அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு என்று அடித்தாள். மூடுவதற்கு முன் ஒரு தரம் படத்தைப் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தாள். அதற்குள் கொழும்பில் அதைப் பூட்டிவிட்டார்கள்.

துசியந்தன் அடுத்த நாள் வந்தான். எமில்டா அவன் முன்னால் போய் நின்று, மன்னிச்சுக் கொள்ளுங்கோ என்றாள். அவன் உடனே மன்னித்துவிடவில்லை. "மூண்டு நாள் அம்மா வாசலிலயே இருந்தவா. மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா எழும்பி எழும்பிப் பாத்தவா" என்றான். பிறகு, "நீர் கொழும்புக்குச் சொல்லேக்க சங்கிலி அண்ணை பக்கத்தில நிண்டவரோ?" என்று கேட்டான்.

"வாசலில நிண்டவர். முழுக்கக் கேட்டவர்."

"நல்லம். அப்ப பொழுதுபட முதல் ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்" என்றான் அவன். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எழும்பிச் சாப்பிடப் போனான்.

எமில்டாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி அலுவலகக் கடிதம் அடிப்பதைத் தவிர இன்ரநெற் பக்கம் போகக்கூடாது என்றார்கள். பாஸ்வேர்டை மாற்றி ஞானேஸ்வரி அக்காவிடம் மட்டும் கொடுத்தார்கள். அவள் அதை அடிக்கடி மறந்து எமில்டாவிடமே கேட்டாள் என்பது வேறு விஷயம். றிஃபாத் தன்னுடைய புரோகிராமைத் திருத்தி, கிளிநொச்சியிலிருந்து வரும் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரத்தையும் போட வைத்தான். இவையெல்லாம் ஒரு கிழமைக்குள் நடந்து முடிந்தன. எமில்டாவுக்கு மிச்சமிருந்தது சனிக்கிழமை.

மாங்குளத்தில் பஸ் மாறி முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜோசப்பின் கொட்டிலுக்கு வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சியைக் கண்டதும் எழும்பிக் கையைச் சட்டையில் துடைத்தாள். "எழுதியிருக்கினமோ?" என்றாள்.

எமில்டா தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள். வழியில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அது கள்ளர் நடத்தின இடம் அக்கா, எங்களைப்போல ஆக்களிட்டப் பாஸ்வேர்ட் வாங்கத்தான் படம் போட்டவங்கள், அங்க ஒரு இல்லமும் இல்லை, ஒரு பிள்ளையும் இல்லை என்றாள். நானே தேடிப் பாத்தனான், நானே சிவப்பெண்டு எழுதினனான் என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை.

ஜோசப்பின் அழவில்லை. அடுப்புக்கு முன்னால் குந்தி, விறகை உள்ளே தள்ளினாள். புகை போய்த் தீ பிடிக்கும்வரைக்கும் ஊதினாள். கேத்திலைத் தூக்கி வைத்தாள்.

"அப்ப அந்தப் பெடியன்?" என்றாள்.

"எந்தப் பெடியன்?"

"படத்தில நிண்டவன். இடம் கள்ளம் எண்டு சொல்லுறாய். பேர் கள்ளம் எண்டு சொல்லுறாய். பிள்ளை கள்ளமில்லைத்தானே? அவனை எங்கயோ வைச்சு ஆரோ படம் எடுத்திருக்கினம்."

எமில்டா முகத்தைத் துடைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அவ்வளவு தேடியும் இதை மட்டும் அவள் தேடவில்லை.

"ஆற்ற பிள்ளையெண்டு தெரியாது, அக்கா. எங்கட யோசெப் இல்லை."

தண்ணீர் கொதித்தது. ஜோசப்பின் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றை எமில்டாவிடம் கொடுத்தாள், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"நாளைக்குக் கோயில் சுவாமியாரிட்டப் போவம்" என்றாள். "யோசெப்புக்குப் பூசைக்குக் குடுப்பம். செத்த ஆக்களுக்கு வைக்கிற பூசைக்கு."

எமில்டா தலையாட்டினாள்.

"அந்தப் படத்துப் பெடியனுக்கும் ஒண்டு குடு. அது செத்த ஆக்களுக்கு வைக்கிறதில்லை, உயிரோட இருக்கிற ஆக்களுக்கு வைக்கிறது. பேர் கேட்டால் தெரியாதெண்டு சொல்லு. தாய்க்காரி தேடிக்கொண்டிருப்பாள், கிடைக்கட்டும் எண்டு சொல்லு."